கிராமிலிருந்து மோலுக்கு



வேதியியல் கணக்கு என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் வேலையே கழிவுநீர் சுத்திகரிப்பு. தினமும் இந்தக் கணக்குதான். ஒன்றைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போமா?

தொட்டியில் நிற்கும் கழிவுநீரில் 49 கிலோ கந்தக அமிலம். நடுநிலையாக்க எத்தனை கிலோ காஸ்டிக் சோடா வேண்டும்? "49" என்று சட்டென்று சொல்லிவிடாதீங்க. வினை நடப்பது மோல் விகிதத்தில்.

முதலில் சமன்பாடு: ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் காஸ்டிக். அடுத்து எடையை மோலாக்குங்கள்: அமிலத்தின் மூலக்கூறு எடை 98, 49,000 கிராம் என்றால் 500 மோல். அதற்கு 1,000 மோல் காஸ்டிக் வேண்டும். கடைசியாக மறுபடி எடை: காஸ்டிக்குக்கு 40, ஆக 40 கிலோ. அவ்வளவுதான்!

49 கிலோ போட்டால் 9 கிலோ மிஞ்சித் தண்ணீர் காரமாகிவிடும். அந்த 'இரண்டு' மோலை மறந்து 20 கிலோ போட்டால் பாதி அமிலத்தன்மை அப்படியே நிற்கும். பரீட்சையில் போவது இரண்டு மார்க். வெளியே போனால் ஆற்று மீனும் ஊர்க் கிணறும் போகும்.

"பி.எச். மீட்டர் இருக்கே சார்?" என்பீர்கள். இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். ஆனால் கிடங்கிலிருந்து எத்தனை மூட்டை எடுப்பது என்று மீட்டர் சொல்லாது; உங்கள் நோட்டுதான் சொல்லும்.

ஆகவே, கால்குலேட்டரைத் தொடுமுன் சமன்பாட்டை எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள். பயம் தானே போய்விடும்.