கருமணலும் காந்தமும்

மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரைப் பிரித்தால், உள்விளிம்பைச் சுற்றி வரிசையாக ஒட்டிய சிறு பட்டைகள் தென்படும். ஒவ்வொன்றும் அரை பிஸ்கட் அளவுதான். மேலே பளபளக்கும் பூச்சு இருக்கும். இரண்டு பட்டைகள் ஒட்டிக்கொண்டால் வெறும் விரலால் பிரிப்பது கடினம். நடுவில் விரல் சிக்கினால் நகம் கன்றிப்போகும். இவை நியோடிமியம், இரும்பு, போரான் என்ற மூன்றும் சேர்ந்த காந்தங்கள். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தத்தோடு ஒப்பிட்டால், அதே அளவு இடத்துக்குள் இவை ஏறத்தாழ பத்து மடங்கு காந்த ஆற்றலைத் தேக்கிவைக்கும். மோட்டார் சிறுத்து, எடை குறைந்து, சக்கரத்துக்குள்ளேயே அடங்கிப்போனதற்கு இதுவே காரணம்.

ஒரு ஸ்கூட்டருக்குச் சில நூறு கிராம், ஒரு மின்சாரக் காருக்கு ஒன்றிரண்டு கிலோ என்ற கணக்கில் இந்தக் காந்தம் தேவைப்படுகிறது. ரோபோவின் மூட்டு, ட்ரோனின் விசிறி, கணினியின் ஹார்ட் டிஸ்க், ஏவுகணையின் வால் இறக்கை என்று துல்லியமாக அசைய வேண்டிய எல்லாவற்றிலும் இது உண்டு. முப்பந்தலில் சுற்றும் பழைய காற்றாலைகள் பெரும்பாலும் பல்சக்கரப் பெட்டியோடு ஓடுபவை. அவற்றுக்கு இது தேவைப்படவில்லை. கடலுக்குள் நிறுத்தப்படும் பெரிய காற்றாலைகளுக்கோ டன் கணக்கில் வேண்டும்.

நியோடிமியம், அருமண் தனிமங்கள் எனப்படும் பதினேழில் ஒன்று. லாந்தனைடுகள் பதினைந்து, அவற்றோடு ஸ்காண்டியம், இட்ரியம். பெயரில் ‘அரு’ இருந்தாலும் இவை அவ்வளவு அரியவை அல்ல. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. கதிரியக்கத்தால் அழிந்துபோகும் புரோமித்தியத்தை விட்டுவிட்டால், மிகக் குறைவாகக் கிடைக்கும் துலியம்கூட வெள்ளியைவிட அதிகம். ஆனால் தங்கம்போல ஓரிடத்தில் திரண்டு கிடைக்காமல், ஒன்றோடொன்று கலந்து, பிற தாதுக்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அதில்தான் சிக்கல். ஸ்வீடனில் இட்டர்பி என்ற சிற்றூரில் 1787-இல் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லிலிருந்து இந்தத் தேடல் தொடங்கியது. கலந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேதியியலாளர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரே ஊரின் பெயரை இன்று நான்கு தனிமங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

தென்னிந்தியக் கடற்கரை இந்தக் கதைக்குள் வந்தது கயிற்றின் வழியாக. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் மணல் ஒட்டியிருந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த மணலில், தோரியமும் அருமண் தனிமங்களும் அடங்கிய மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கிவிட்டது. அன்று யாருக்கும் காந்தம் நினைவில் இல்லை. வாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. கோவில் ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வெள்ளையாக எரிந்ததே, அந்தச் சிறு வலைப்பைக்கு வெளிச்சம் தந்தது பெரும்பகுதி தோரியமும் சிறிதளவு சீரியமும்தான்.

மணவாளக்குறிச்சிக் கரையில் அலை பின்வாங்கியதும் மணல் பட்டை பட்டையாகத் தெரியும். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், செந்நிறம் கார்னட். அவற்றுக்கிடையே தேன் நிறத்தில் வெகு சில மணிகள் கலந்திருக்கும். அவை மோனசைட். ஆலையில் முதலில் நீரோட்டத்தில் கனமானதையும் இலேசானதையும் பிரிக்கிறார்கள். பிறகு காந்தப் புலத்திலும் மின் புலத்திலும் ஓடவிடுகிறார்கள். இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், மோனசைட் கடத்தாது. மோனசைட் காந்தத்துக்குச் சற்றே வசப்படும், மணலிலுள்ள சிர்கான் வசப்படாது. குணத்தைப் பார்த்து வழி பிரித்துவிடும் வேலைதான் இது. வேதிப்பொருள் ஏதும் தேவையில்லை.

கடினமான வேலை இதற்குப் பிறகு வருகிறது. மோனசைட்டைப் பொடியாக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் பாஸ்பேட் கரைந்து போகும். எஞ்சியதிலிருந்து தோரியத்தைத் தனியே ஒதுக்கினால் அருமண் தனிமங்கள் கலவையாகக் கிடைக்கும். இந்தக் கலவையில் நியோடிமியத்தையும் அதன் பக்கத்து வீட்டுக்காரரான பிரசியோடிமியத்தையும் வேறுவேறாகப் பிரிப்பது மிகக் கடினம். இரண்டின் அயனிகளும் ஒரே மின்னேற்றம் கொண்டவை. பருமனிலும் இம்மியளவே வேறுபாடு. எனவே அமிலக் கரைசலையும் மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் கரைத்த வேதிப்பொருளையும் ஒரு தொட்டியில் சேர்த்துக் கலக்கி, தெளியவிடுகிறார்கள். எண்ணெய்ப் பக்கம் ஒன்று சற்றுக் கூடுதலாகப் போகும். மேலே நின்றதை அடுத்த தொட்டிக்கு அனுப்பி மறுபடி கலக்கி, மறுபடி தெளியவிட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாக நிற்கும். எந்தத் தொட்டியில் அமிலம் எவ்வளவு, எந்த வேகத்தில் ஓட்டம் என்பது புத்தகத்தில் படித்து மட்டும் வருவதல்ல, ஆலையிலேயே பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குக் கைவரும் பழக்கம்.

பிரித்தெடுத்த ஆக்சைடை மின்னாற்பகுப்பில் உலோகமாக்க வேண்டும். அந்த உலோகத்தை இரும்போடும் போரானோடும் உருக்கி, சில மைக்ரான் அளவுப் பொடியாக்க வேண்டும். காற்றுப் பட்டால் தீப்பற்றிவிடும் பொடி அது. காந்தப் புலத்தில் வைத்து எல்லாத் துகளையும் ஒரே திசைக்குத் திருப்பி, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வைத்தால்தான் காந்தம் உருவாகும். மணலுக்கும் மோட்டாருக்கும் இடையில் இத்தனை படிகள். உலக அரசியலின் பிடி இன்று இருப்பது இந்த நடுப்படிகளில்தான்.

இந்த நடுப்படிகள் இன்று பெரும்பாலும் சீனாவின் கையில். ஆனால் இந்தக் காந்தத்தைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. 1983-இல் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்தில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமலே இதை உருவாக்கி அறிவித்தனர். மூலப்பொருளும் அப்போது அமெரிக்காவிடமே இருந்தது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் உலகுக்கே அருமண் தந்துகொண்டிருந்தது.

சீனா வேறு முனையிலிருந்து தொடங்கியது. உள் மங்கோலியாவின் பாயன் ஓபோ இரும்புச் சுரங்கத்தில் அருமண் துணைப்பொருளாகக் குவிந்தது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியான் 1970-களில் அந்தத் தொட்டி வரிசையின் கணக்கைக் கோட்பாடாக வகுத்துக் கொடுத்தார். எத்தனை தொட்டி, எந்த விகிதம் என்பதைச் சோதித்துச் சோதித்துத் தேடாமல் கணக்கிட்டே ஆலையை அமைக்கும் நிலை வந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1951-இல் நாடு திரும்பியவர் அவர். கழிவுநீர் பற்றிக் கண்டிப்பு இல்லாத காலம்; கூலியும் குறைவு. விலை சரிந்தது. 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவான மேக்னிக்வெஞ்சை விற்றது. வாங்கிய கூட்டில் சீன நிறுவனங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் உற்பத்தி சீனாவுக்குப் போய்விட்டது. மவுண்டன் பாஸ் 2002-இல் சுரங்க வேலையை நிறுத்தியது. அன்றைய கணக்குப் புத்தகப்படி எல்லாமே சரியான முடிவுகள். நட்டக் கணக்கு முப்பது ஆண்டு கழித்து வந்தது.

முதல் எச்சரிக்கை 2010-இல். செப்டம்பரில் சென்காகு தீவுகளருகே சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களுடன் மோதியது. படகின் தலைவரை ஜப்பான் கைதுசெய்ததும் அருமண் சரக்கு ஜப்பானுக்கு வருவது தடைப்பட்டது. விலை பன்மடங்கு ஏறியது. ஜப்பான் அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. அரசு நிறுவனமான ஜோக்மெக், சோஜிட்ஸ் வணிக நிறுவனத்துடன் சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் லைனாஸில் 25 கோடி டாலர் போட்டது. லைனாஸ் தன் நாட்டில் வெட்டிய தாதுவை மலேசியாவின் குவாந்தானில் பிரித்தது. கதிரியக்கக் கழிவு குறித்து அங்கே பெரும் எதிர்ப்பும் எழுந்தது. மோனசைட் எங்கே போனாலும் தோரியமும் கூடவே போகும். இந்தத் தொழிலில் அதைத் தவிர்க்க வழியில்லை.

அமெரிக்கா அந்த எச்சரிக்கையைப் பாதியில் விட்டது. மவுண்டன் பாஸை மீண்டும் திறந்த நிறுவனம், விலை மறுபடி விழுந்ததும், 2015-இல் திவாலானது. இந்தச் சந்தையின் முக்கியமான குணம் இதில் தெரிகிறது. அருமண் சந்தை எண்ணெய்ச் சந்தைபோலப் பெரியதன்று, சின்னஞ்சிறியது. பெரும்பங்கு வைத்திருப்பவர் சற்றே கூடுதலாக விற்றால் போட்டியாளரின் வங்கிக் கடன் மூழ்கிவிடும். தனியார் முதலீட்டாளர் தயங்குவதில் வியப்பில்லை.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகியவையே அந்த ஏழும். நியோடிமியம் பட்டியலில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. சாதாரண நியோடிமியக் காந்தம் சூடு ஏறினால் தளர்ந்துவிடும். ஓடும் மோட்டாருக்குள் 150 டிகிரி சூட்டிலும் அது நிலைத்து நிற்க, சிறிதளவு டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கலக்க வேண்டும். குழம்பில் உப்புபோல அளவு கொஞ்சம்தான், இல்லாவிட்டால் இலையில் வைக்க முடியாது. சீனா கைவைத்தது அந்த உப்பில்.

மே மாதமே காந்தத் தட்டுப்பாட்டால் ஃபோர்டு நிறுவனத்தின் சிகாகோ ஆலை ஒரு வாரம் மூடப்பட்டது. ஜப்பானில் சுசுகி தன் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்திவைத்தது. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மவுண்டன் பாஸை இப்போது நடத்தும் நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டுப் பங்குதாரரானது. நியோடிமிய, பிரசியோடிமியக் கலவைக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்து ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச விலையும் உறுதியளித்தது. சந்தையே தெய்வம் என்று உலகுக்குப் பாடம் எடுத்த நாடு, நெல்லுக்கு ஆதார விலை வைப்பதுபோலக் காந்த உலோகத்துக்கு விலை வைத்துவிட்டது. இந்தப் பிரச்சினையில் அதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவின் நிலை விசித்திரமானது. மோனசைட் இருப்பு ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டன் என்பது அணுசக்தித் துறையின் மதிப்பீடு. கடற்கரை மணல் மட்டுமல்ல, தென்மாவட்டங்களின் செந்நிறத் தேரி மணலும் அதில் அடங்கும். ஆலுவாயில் அரசு ஆலை 1952-லேயே மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கிவிட்டது. சீனா அப்போது இந்தத் தொழிலில் பேரளவில் இறங்கியிருக்கவில்லை. ஆனால் இந்தியா மோனசைட்டைப் பார்த்த கண் தோரியத்தைத் தேடிய கண். எதிர்கால அணு உலைக்கு எரிபொருள் என்று அதைப் பூட்டிவைத்தார்கள். அருமண் ஒரு துணைப்பொருளாகவே நின்றது. உள்நாட்டில் காந்தம் செய்பவர் இல்லாததால் பிரித்ததை வாங்க ஆளில்லை. பிரிப்பவர் பெருகாததால் காந்தம் செய்ய யாரும் வரவில்லை. 2000-களில் சீனச் சரக்கின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆலுவாயில் மோனசைட் வேலையே நின்றது. பிறகு ஒடிசாவின் சத்திரப்பூரில் புதிய ஆலை எழுந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக வெளிவரத் தொடங்கியபோது, அவற்றின் காந்தம் கப்பலில்தான் வந்தது.

மண்ணை மேலும் தோண்டுவது இதற்குச் சட்டென்று கிடைக்கும் விடை. ஆனால் குமரிக் கடற்கரை நெருக்கமாக மக்கள் வாழும் கரை. இயற்கைக் கதிர்வீச்சு அங்கே ஏற்கெனவே அதிகம்; கடலரிப்பும் உண்டு. புதிய மணல் எடுப்புத் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்ப்பது காரணமில்லாமல் இல்லை. நடுப்படிகளுக்கான ஆலை இல்லாமல் மணலை மட்டும் கூடுதலாக எடுத்தால், பாதிப்பு கரைக்கும் காந்தம் வேறு நாட்டுக்கும் என்றே முடியும்.

காந்தமே இல்லாத வழியும் இருக்கிறது. ரெனோ தன் ஸோயி காரில் மோட்டாரின் சுழலும் பகுதிக்குச் செம்புக் கம்பிச் சுருளைப் போட்டு, மின்சாரத்தாலேயே காந்தமாக்கியது; பிஎம்டபிள்யூ தன் புதிய மின்சாரக் கார்களில் அதையே செய்கிறது. காருக்கு அது கட்டுப்படியாகும். சக்கரத்துக்குள் அடங்க வேண்டிய ஸ்கூட்டர் மோட்டாருக்கு எடையும் இடமும் இடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்குகளிலிருந்து காந்தத்தை மீட்கும் முறையும் வளர்ந்துவருகிறது. காந்தத்தின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது தானாகவே பொடிந்து உதிரும். ஆனால் பழைய பொருள் கைக்கு வர வேண்டுமே. இன்று விற்ற ஸ்கூட்டர் காயலான் கடைக்கு வரப் பத்தாண்டு ஆகும்.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறன் இலக்கு. ஐந்து நிறுவனங்கள் வரை தேர்வாகும். ஒன்றுக்கு அதிகபட்சம் 1,200 டன். ஆலை கட்ட இரண்டு ஆண்டு, விற்பனையின் பேரில் ஊக்கத்தொகை ஐந்து ஆண்டு. பணத்தில் பெரும்பகுதி விற்ற காந்தத்துக்கே போகிறது, வெறும் கட்டடத்துக்கு இல்லை. இது நல்ல ஏற்பாடு. ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று விடுபட்ட படிகளை இது நிரப்பக்கூடும். அந்த ஆலைகளுக்கு வேண்டிய நியோடிமியம் இந்தியக் கடற்கரையில் இருக்கிறது. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பெருமளவில் கிடைப்பது தென்சீனத்தின் களிமண்ணிலும் மியான்மரின் கச்சின் மலைகளிலும். மணவாளக்குறிச்சி மணலில் அவை போதிய அளவு இல்லை.