கணனியின் வேகமும் அதற்கு நாம் கொடுக்கும் விலையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணனி விளையாட்டுப் பற்றிப் பேசப்போகின்றோம் என்று அறிவித்ததும் பெரியோர் சிலர் நெற்றியைச் சுருக்கியதை நாம் கவனியாமலில்லை. விளையாடுவது நன்றா தீதா என்னும் வழக்கை இன்று எடுக்கவில்லை. அதனைப் பிறிதொரு நாட் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். இன்றைய கேள்வி பணத்தைப் பற்றியது. “புரோசசர் பழசாகிவிட்டது, புதியது வேண்டும்” என்று மகன் கேட்கின்றான். “வேண்டாம், இருப்பதையே இன்னும் வேகமாக ஓடச்செய்யலாம்” என்று அவனுடைய தோழன் சொல்லுகின்றான். பணம் கொடுக்கவேண்டிய ஐயாவுக்கோ இருவர் சொல்வதும் விளங்குவதில்லை. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களெல்லாம் சில மாதங்களுள் எட்டாத விலைக்கு ஏறியதை நாம் அனைவரும் கண்டோம். ஆகவே இது சிறுபிள்ளை விவகாரமன்று.

பாடநூல்கள் முறைவழியாக்கி என்றும், கடைக்காரர் புரோசசர் என்றும் கூறும் அந்தச் சில்லு, ஒரு கடிகாரத் துடிப்புக்கு அமைய வேலை செய்கின்றது. நட்டுவனார் தாளத்தை விரைவுபடுத்தினால் ஆடுபவரும் விரைந்து ஆடவேண்டும் அல்லவா? அதுபோல, 4.5 கிகாஹேட்ஸ் என்றால் ஒரு செக்கனில் 450 கோடித் துடிப்பு. தொழிற்சாலை விதித்த தாளத்திலும் விரைவான தாளத்தை நாமாகவே போடுவதற்குத்தான் ஓவர்குளொக் செய்தல் என்று பெயர்.

இக்கலையின் பொற்காலம் 1998ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் இன்ரெல் நிறுவனம் செலரோன் என்னும் மலிவான புரோசசரை வெளியிட்டது. இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் இல்லாது வந்தபடியால் அதனைப் பலரும் எள்ளி நகையாடினார்கள். ஓகஸ்ட்டில் வந்த செலரோன் 300ஏ என்பதோ வேறு பிறவி. அதற்கு 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகம் இருந்தது. அது அதே சில்லின் மேலே முழு வேகத்தில் இயங்கியது. விலையுயர்ந்த பென்ரியம் 2இல் 512 கிலோபைற்று இருந்தபோதிலும், அது புறம்பான சில்லுகளில் அரை வேகத்திலேயே இயங்கியது.

செலரோன் 300ஏயின் கணக்கு மிகவும் எளிது. தாய்ப்பலகை தரும் 66 மெகாஹேட்ஸ் அடித்துடிப்பை அது 4.5ஆற் பெருக்கி 300ஐ அடையும். இந்தப் பெருக்கெண்ணை இன்ரெல் பூட்டி வைத்திருந்தது. குறைந்த வேகச் சில்லுகளுக்கு உயர்ந்த வேகத்தின் பெயரை ஒட்டி விற்ற மோசக்கார வியாபாரிகளைத் தடுப்பது அப்பூட்டின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அடித்துடிப்பு தாய்ப்பலகையின் கையில் இருந்தது. அதனை 66இலிருந்து 100ஆக்கினால் பெருக்குத்தொகை 450 ஆகிவிடும்! அபிற் நிறுவனத்தின் பீஎச்6 என்னும் தாய்ப்பலகையில் இம்மாற்றத்தைத் திரையைப் பார்த்தே செய்யக்கூடியதாக இருந்தது. அவ்வசதி இல்லாதவர்கள் பீ21 என்னும் ஒரேயொரு தொடுகையின் மேல் சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டினார்கள். உடனே தாய்ப்பலகை, வந்திருப்பது 100 மெகாஹேட்ஸ் சில்லு என்று நம்பிவிடும். ஒட்டுநாடாத் துண்டொன்று பல நூறு டொலர் பெறுமதியான வேலையைச் செய்த காலம் அது. வெளிவந்தபோது 450 மெகாஹேட்ஸ் பென்ரியம் 2இன் விலை 669 டொலர். செலரோன் 300ஏயின் விலை 149 டொலர். குவேக் 2 போன்ற விளையாட்டுக்களில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே ஓடின.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? இரண்டும் ஒரே 0.25 மைக்குரோன் முறையிற் செய்யப்பட்டவை. தொழிற்சாலையின் திறமை, மலிவுப் பொருளின் பெயர்ச்சீட்டைக் கடந்து நின்றது. எல்லாச் சில்லும் 450ஐ எட்டவில்லை. ஆனால் மிகப் பல எட்டின. விற்பவன் அளந்து தந்த படிக்கு மேலே கொசுறாக இன்னும் அரைப்படி கிடந்தது என்று சொன்னால் பெரியோருக்கு விளங்கும்.

அந்தக் கொசுறு இன்று எங்கே போயிற்று என்று அறிவதற்குச் சிறிது பௌதிகம் வேண்டும். சில்லு உண்ணும் வலு, மீடிறனோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகின்றது. விரைவாகத் துடிக்கவைக்க மின்னழுத்தத்தையும் ஏற்றவேண்டி வரும். மீடிறனைப் பத்து வீதமும் மின்னழுத்தத்தைப் பத்து வீதமும் ஏற்றிப் பாருங்கள்: 1.1ஐ மூன்று தடவை பெருக்க 1.33 வரும். பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீத வெப்பம்! திரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம், ஆதலால் வெப்பம் கட்டுக்குள் நிற்கும் என்று றொபேட் டெனாட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1974இல் விளக்கினார்கள். முப்பது ஆண்டுகள் அவ்விதி எங்களைச் சுமந்து வந்தது. பின்னர் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியாமற் போயிற்று. 4 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4ஐ வெளியிடும் எண்ணத்தை 2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இன்ரெல் கைவிட்டது.

இவ்விடத்தில் எமது தேசத்துக்கேயுரிய ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றினால் குளிரூட்டும் எந்தக் கருவியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொண்டுசெல்ல மாட்டாது. குளிர்தேசத்துப் பரிசோதகர் 20 பாகை அறையிலிருந்து எழுதும் கணக்கை, 31 பாகை யாழ்ப்பாணத்து மாரடைப்பு வெயிலில் இருக்கும் நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் பதினொரு பாகை பிழைக்கும்.

2008இலிருந்து இன்ரெல் நிறுவனம், வெப்பமும் வலுவும் இடந்தரும்போது சில்லு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்படி செய்யத் தொடங்கியது. மற்றைய நிறுவனமாகிய ஏஎம்டியும் அவ்வழியே சென்றது. அதாவது, முன்பு வாடிக்கையாளர் சுரண்டி எடுத்த கொசுறைத் தொழிற்சாலையே எடுத்து விற்கின்றது. 300ஏ உண்டது 20 வாற்றுக்கும் குறைவு; 2022இல் வந்த கோர் ஐ9-13900கேயின் உச்ச வரம்பு 253 வாற்று. 2024 மார்ச்சில் வந்த 14900கேஎஸ், பெட்டியிலிருந்து எடுத்தபடியே 6.2 கிகாஹேட்ஸைத் தொடும். திரவ ஈலியத்தை ஊற்றிச் சிலர் 9.1 கிகாஹேட்ஸையும் கடந்தார்கள்; அது சாதனைப் புத்தகத்துக்கானது, விளையாடுவதற்கானதன்று.

இவ்வோட்டத்தின் விலை விரைவிலேயே தெரியவந்தது. அந்த 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகளை வாங்கியோருள் பலருக்கு விளையாட்டுக்கள் இடைநடுவில் நின்றன. திரையிலே “கிராபிக்ஸ் நினைவகம் போதாது” என்ற அறிவித்தல் வந்தபடியால் குற்றமற்ற கிராபிக்ஸ் அட்டையின் மேற் பழி விழுந்தது. மின்னழுத்தம் மிகையாக ஏறுவது காரணம் என்று 2024 ஜூலையில் இன்ரெல் ஒப்புக்கொண்டது. ஓகஸ்ட்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகளால் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்த சில்லை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை. கவனியுங்கள்: இவர்களுட் பலர் ஓவர்குளொக் செய்தவர்களல்லர். வாங்கியதை வாங்கியபடியே பாவித்தவர்கள். இத்தகைய சில்லை வீட்டிலே இன்னும் முடுக்குவதற்கு என்ன மிச்சமிருக்கின்றது?

அப்படியாயின் வேகம் வேறெங்கே இருக்கின்றது? காத்திருப்பிலே இருக்கின்றது என்பதே எமது எண்ணம். துலா மிதிப்பவன் எவ்வளவு விரைவாக மிதித்தாலும் வாய்க்கால் அடைத்துக்கிடந்தால் தோட்டத்தின் கடைப்பாத்திக்கு நீர் போய்ச்சேராது. புரோசசர், தன்னிடமில்லாத ஒரு தரவைப் பிரதான நினைவகத்திலிருந்து எடுப்பதற்கு ஏறக்குறைய 70, 80 நனோசெக்கன் ஆகும். 4.5 கிகாஹேட்ஸ் சில்லுக்கு அது 300க்கும் மேற்பட்ட துடிப்புக்கள். அத்தனை துடிப்பும் கைகட்டி நிற்கும் நேரம்! விளையாட்டிலோ மனிதர், சுவர்கள், குண்டுகள், ஒலிகள் எனத் தரவுகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. தாளத்தை விரைவாக்கினால், வீணாகும் துடிப்பின் தொகைதான் கூடும்.

இதனை நன்கு உணர்ந்து செய்யப்பட்டது ஏஎம்டி 2022 ஏப்ரிலில் வெளியிட்ட றைசன் 7 5800எக்ஸ்3டி. முன்னைய 5800எக்ஸ் 4.7 கிகாஹேட்ஸ் வரை போகும், இதுவோ 4.5தான். ஓவர்குளொக் செய்யவும் இடமில்லை, பூட்டிவிட்டார்கள். ஆனால் சில்லின் மேலே இன்னொரு சில்லை அடுக்கி, மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்தை 32 மெகாபைற்றிலிருந்து 96 மெகாபைற்றாக்கினார்கள். தாளம் குறைந்த இச்சில்லு, பெரும்பாலான விளையாட்டுக்களில் தாளம் கூடிய தன் தமையனை முந்தியது. சமைப்பவளின் கைக்கெட்டும் தூரத்தில் சரக்குப்பெட்டி இருந்தால் அவள் ஓடவேண்டிய அவசியமில்லை.

ஏழை மாணாக்கனுக்கு இதிலே இன்னொரு நன்மையும் கிடைத்தது. 2017இல் வாங்கிய ஏஎம்4 தாய்ப்பலகைகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தபின், இச்சில்லைப் பொருத்தக்கூடியதாயிருந்தது. பலகையும் நினைவகமும் பழையவையாகவே இருக்க, ஒரு பொருளை மட்டும் மாற்றினாற் போதும். புதிய புரோசசர் என்றால் புதிய பலகை, புதிய நினைவகம், புதிய குளிரூட்டி என்று சீர்வரிசை கேட்கும் சம்பந்தங்களை நாமறிவோம்; இது அவ்வாறு கேளாத சம்பந்தம்.

ஆனால் இதனையும் எல்லோரும் வாங்கவேண்டியதில்லை. காத்திருப்பது யார் என்று முதலிற் சோதித்து அறியலாம். விளையாட்டின் அமைப்புப் பகுதியிற் சென்று படத்தின் நுணுக்கத்தை, 1920க்கு 1080 என்றிருப்பதை 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். கிராபிக்ஸ் அட்டையின் சுமை இதனாற் குறையும். புரோசசரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். செக்கனுக்கு 50 படமாக இருந்தது 85 ஆக ஏறினால், தாமதம் கிராபிக்ஸ் அட்டையினுடையது. அப்போது புரோசசருக்குப் பணங் கேட்கும் மகனுக்கு ஐயா தாராளமாக இல்லையென்று சொல்லலாம். 50 என்பது 52ஆகவே நின்றால், மகன் சொல்வது பெரும்பாலும் நியாயம். அப்போதும் கடைக்குப் போகுமுன், நினைவகம் அதற்குரிய வேகத்தில் ஓடுகின்றதா என்று பயோஸிற் பாருங்கள். 3200 என்று எழுதியிருக்கும் நினைவகம் 2133இல் ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். ஒற்றை நினைவகத் தண்டு பூட்டியிருந்தால் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பதும் புரோசசரிலும் மலிவு.

இன்னுமொன்று. வீட்டிலுள்ள திரை செக்கனுக்கு 60 தடவை மட்டுமே மாறுவதாயின், ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கனுக்கு நிற்கும். விளையாட்டு ஏற்கெனவே ஒருபோதும் 60க்குக் கீழே இறங்காமல் ஓடுகின்றதென்றால், அதனை 140 ஆக்குவதற்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு அந்தத் திரையில் தோன்றப்போவதில்லை. இச்சோதனை முழுவதற்கும் பத்து நிமிடமும் ஒரு தாளும் பென்சிலும் போதும். பெரியோரும் பக்கத்திலிருந்து எண்களைக் குறித்துக்கொள்ளலாம்.