நீரிழிவும் இரைப்பையின் தளர்ச்சியும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நீரிழிவு கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், காற்புண்ணை ஆறவொட்டாது என்பன நம்மவர் யாவரும் கேட்டறிந்தவையே. ஆயின், உண்ட உணவு வயிற்றினின்று குடலுக்குச் செல்லும் கதியையும் அது குலைக்கும் என்பதைப் பலர் அறியார். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் எனக் கணித்தது. ஆதலின், இவ்விஷயத்தில் நாம் அசட்டையாயிருத்தல் தகாது.

இரைப்பை வெறும் பையன்று. அஃது ஓர் அரைவை யந்திரம். அதன் சுவரிலுள்ள காஹால் அணுக்கள் என்னும் நுண்ணணுக்கள் நிமிஷத்திற்குச் சுமார் 3 முறை தாளமிடுகின்றன. மூளையினின்று இறங்கும் வேகஸ் நரம்பு அதனை நடத்துகின்றது. உணவு 1 அல்லது 2 மில்லிமீட்டர் துகளாக அரைபட்ட பின்னரே அடிவாயில் வழியே குடலுட் செல்லும். நெடுநாள் அடங்காத சர்க்கரை அந்நரம்பையும் அவ்வணுக்களையும் ஒருங்கே சிதைக்கின்றது. அன்றியும், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்த வேளையில், நரம்பு கெடாதவர்க்குங்கூட இரைப்பை மந்தப்படும். இந்நோய்க்கு 1958-ஆம் ஆண்டில் காசாண்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் தனிப்பெயரிட்டார்.

இதன் குறிகள் எவை? சில கவளத்திலேயே வயிறு நிறைதல், குமட்டல், உப்புசம், பல மணி நேரத்திற்கு முன் உண்டது அப்படியே வாந்தியாதல் என்பன. இவற்றை நம்மவர் ‘வாயு’ என்று ஒதுக்கிக் கடைமாத்திரை விழுங்கி நாளைக் கழிக்கின்றனர். குடலின் நரம்பும் கெடுமாயின், சிலர்க்கு மலச்சிக்கலும் சிலர்க்கு இரவில் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

இனி, மிக்க அபாயமானது ஒன்றுண்டு. இன்சுலின் ஊசியிட்டு உண்டவர்க்கு, மருந்து உரிய காலத்தில் வேலை செய்ய, சோறோ இரைப்பையிலேயே தங்கிவிடுகின்றது. உண்ட சிறிது நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பல மணி கழிந்து காரணமின்றி ஏறும். வீட்டாரோ, தாழ்ந்தபொழுது “சாப்பிடவில்லை” என்றும், ஏறியபொழுது “ஒளித்துத் தின்பண்டம் தின்றாய்” என்றும் நோயாளியைக் கடிகின்றனர். பழி மனிதன்மேலன்று, தளர்ந்த இரைப்பைமேலதே.

1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் எழுந்த இந்நகரத்தில், சுரங்கமும் அனல் நிலையமும் இரவு பகலாக ஓடுவன. ஷிப்டு மாறுந்தோறும் உண்ணும் வேளையும் மாறும். யந்திரத்தருகே நிற்பவர்க்குத் திடீரென வரும் மயக்கம் அவருயிருக்கும் அயலாருயிருக்கும் கேடாம். ஆகவே, இன்சுலின் இடுவோர் வேலை நேரத்தையும் வயிற்றின் நிலையையும் வைத்தியரிடம் மறையாது கூறுக. ஊசியின் நேரத்தையும் அளவையும் அவரே மாற்றுதல் வேண்டும். தாமே நிறுத்துதல் கூடாது. மயக்கக் குறி கண்டால் லட்டு, பிஸ்கோத்து முதலியவற்றை நம்பாது, நினைவுள்ளபோதே குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகுக. திடப்பண்டம் வயிற்றிலேயே நின்றுவிடக்கூடும். நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

வைத்தியர் முதலில் உட்காண் குழாயிட்டு, அடைப்பு யாதும் இல்லையென்று தெளிவர். பின்னர், அளந்த உணவை உண்பித்துக் கருவியாற் கவனிப்பர்; 4 மணி கழிந்தும் பத்திலொரு பங்கிற்கு மேல் இரைப்பையில் நிற்குமாயின் தாமதம் என்று கொள்வர்.

உணவிலும் ஒரு விசேஷமுண்டு. நீரிழிவுற்றோர்க்குக் கீரையும் கம்பும் நன்றென்பது பொதுவிதி. இரைப்பை தளர்ந்தார்க்கோ, நார் மிகுந்தது கட்டியாய்த் திரண்டு நிற்றலும் உண்டு. கொழுப்போ இன்னும் தாமதிப்பிக்கும். அருகிலுள்ள பண்ருட்டியின் பலாச்சுளையும் முந்திரியும் இவர்க்கு ஏற்றனவல்ல. குழைந்த சோறும் மசித்த பருப்பும் சிறிது சிறிதாகப் பலமுறை உண்டு, உண்டபின் படுக்காது மெல்ல உலாவுதல் நலம்.

அன்பர்களே! நம் கலியாண விருந்துகளில், இலையில் மிச்சம் வைத்தவரை அவமதித்தார் என எண்ணும் வழக்கம் உளது. பெண்ணுக்கு வரன் தடைப்படுமென்று நோயை மறைத்து, ஊசியிட்டுப் பந்தியில் அமர்ந்து, வற்புறுத்தலுக்கு அஞ்சி உண்பவரும் நம்மிடையே உளர். போதும் என்றவரை உபசரிக்கும் முறை, அவரை எழவிடுதலே. நோயை வாய்விட்டுச் சொல்வார்க்கு நம் பந்தியில் இழுக்கில்லை என்னும் நிலையை இச்சங்கத்தார் முதலில் உண்டாக்குவார்களாக.