சுற்றுச்சுவர் இல்லாத ஊரில் பத்து நாள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ‘பயண அனுபவம்’ பகுதியில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, பின்னால் டீ ஆறிவிடும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

போன மாதம் லிஃப்டில் வந்த நண்பர் ஒருவர், “சார், இந்தோனேசியாவுல நிலம் மலிவாமே? நம்ம பேர்ல வாங்க முடியாட்டியும் அங்க ஒருத்தர் பேர்ல வாங்கிப் போடலாமாமே?” என்று கேட்டார். யாரோ ஏஜென்ட் போனில் பேசியிருக்கிறார். லிஃப்ட் கீழே வருவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி எனக்கும் ஒரு தடவை வந்தது. நான் வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருஷம் பத்திரம் பார்த்தவன். அப்படியிருந்தும் சபலப்பட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் மகன் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறான். 2023 ஏப்ரலில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். ரம்ஜான் நேரம். பெருநாளை அங்கே ‘லெபாரான்’ என்பார்கள். அதற்கு முந்தைய வாரம் கோடிக்கணக்கானவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பயணத்துக்கே ‘மூடிக்’ என்று தனிப் பெயர் உண்டு. ரயில் டிக்கெட் திறந்த உடனே தீர்ந்துவிடும். ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, பின்னால் பலகை கட்டி மூட்டை என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களும் இருக்கிறார்கள். விபத்தைக் குறைக்க அரசும் கம்பெனிகளும் இலவச பஸ் விடுகின்றன. வண்டியைத் தனியாக ஏற்றி அனுப்பவும் ஏற்பாடு உண்டு.

மகனோடு வேலை பார்க்கும் நண்பர் எங்களையும் தன் ஊருக்கு அழைத்தார். மத்திய ஜாவாவில், கிளாத்தென் என்ற மாவட்டத்தில் ஒரு நெல் கிராமம். ஜகார்த்தாவிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு ரயிலில் சுமார் 500 கிலோமீட்டர், ஏறக்குறைய எட்டு மணி நேரம். அங்கிருந்து சோலோ போகும் மின்சார ரயில். 2021-இல் தொடங்கியது, டிக்கெட் 8,000 ரூப்பியா. நம் கணக்கில் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். ஊருக்குள் பஸ் கிடையாது. நண்பரின் தம்பியும் உறவுக்காரப் பையன்கள் இருவரும் மூன்று பைக்கில் வந்து அழைத்துப் போனார்கள். என் மனைவி முப்பது வருஷத்துக்குப் பிறகு பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்க இரண்டு பக்கமும் வயல். மறுநாள் காலையில் மேகம் விலகியபோது மெராப்பி எரிமலை கண்ணெதிரே நின்றது. இன்னும் புகைகிற மலை. அந்த மலை கொட்டிய சாம்பல்தான் அந்த மண்ணுக்கு உரம். வாய்க்கால் தண்ணீர் உள்ள வயலில் வருஷத்துக்கு இரண்டு போகம் உறுதி, சில இடங்களில் மூன்று.

ஊரில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பலகை. “விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.” நம் கேட்டில் வைத்திருக்கிற விசிட்டர் ஆப்தான், பலகையாக நிற்கிறது! பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தெருச் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனோம். அந்தச் சங்கத்துக்கு ‘ருக்குன் தெத்தாங்கா’ என்று பெயர். அண்டை வீட்டார் ஒற்றுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக ‘எர்-தே’. சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு எர்-தே. தலைவரை வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பார்த்தவர் வீட்டில் டெம்பே போட்டு விற்கிறவர். சோயா பயறை அவித்து, நொதிக்க வைத்துக் கட்டியாக்கியதுதான் டெம்பே. எங்களைப் போன்ற சைவக்காரர்களைப் பத்து நாள் காப்பாற்றியது அதுதான்.

இந்த ஏற்பாட்டின் பிறப்பு அவ்வளவு அழகானது இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்திருந்தபோது, மக்களைக் கண்காணிக்கவும் வேலை வாங்கவும் வீடுகளைக் குழு குழுவாகப் பிரித்தார்கள். அதுதான் இதற்கு மூலம். ஜப்பானியர் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் குழுவைத் தங்களுக்கு உபயோகமாக்கிக்கொண்டார்கள்.

எப்படி என்று கேளுங்கள். இரவு ரோந்துக்கு முறை வைத்துப் போகிறார்கள். வாட்ச்மேன் கிடையாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்குகிறது. வீட்டுக்காரர் அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைக்க வேண்டும், ரோந்து போகிறவர்கள் அள்ளிக்கொள்வார்கள். இதற்கு ‘ஜிம்பித்தான்’ என்று பெயர். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் 500 ரூப்பியா நாணயம். நம் கணக்கில் மூன்று ரூபாய்கூட இல்லை. அதில்தான் தெருவிளக்கு பல்பு, சாவு வீட்டுக்கு உதவி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குக் கைச்செலவு எல்லாம் நடக்கிறது.

“இந்தக் காசு எந்த மூலைக்கு?” என்று கேட்டேன். வங்கிக்காரன் புத்தி! டெம்பேக்காரர் சிரித்தார். “காசு இரண்டாவது. ஒரு வீட்டு டப்பா இரண்டு ராத்திரி காலியாக இருந்தால் கதவைத் தட்டுவோம். தனியாக இருக்கிற கிழவிக்குக் காய்ச்சலா என்று அப்படித்தான் தெரியும்” என்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

ரோந்துக் கொட்டகையில் ஒரு மரக்கட்டை தொங்கும். நீளவாக்கில் குடைந்தது, தட்டினால் தூரம்வரை கேட்கும். ‘கெந்தோங்கான்’ என்பார்கள். நிறுத்தாமல் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். 2006 மே 27 விடியற்காலை அந்த வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்தது. பந்துல், கிளாத்தென் இரண்டு மாவட்டங்களும் அதிகம் அடிபட்டன. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். நண்பரின் வீடும் விழுந்தது. இடிபாட்டை அகற்றியதும் வீடுகளைத் திரும்பக் கட்டியதும் தெருத் தெருவாகக் கூடிச் செய்த வேலை என்றார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ‘கோத்தோங் ரோயோங்’. சேர்ந்து சுமப்பது.

இன்னும் ஒன்று, நம் பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2014-இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் மத்திய அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியாக நிதி தருகிறது. அந்த வரவு செலவை ஆளுயர பேனரில் அச்சடித்து ரோட்டோரம் கட்டியிருக்கிறார்கள். எந்தச் சாலைக்கு எவ்வளவு என்று சைக்கிளில் போகிறவர்கூட நின்று படிக்கலாம்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன்.

நண்பரின் அப்பாவை ஊரே ‘சிம்பா’ என்று கூப்பிடும். தாத்தா என்று அர்த்தம். அவருக்குக் கால் ஹெக்டேர் வயல், நம் கணக்கில் அறுபது சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஜாவாவில் அரை ஹெக்டேருக்குக் கீழே வைத்திருக்கும் விவசாயிகள் ஏராளம், அவர்களுக்கென்றே ‘குரெம்’ விவசாயி என்று ஒரு பெயர் உண்டு. சிம்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் எங்கள் நண்பர். மகள் பக்கத்துக் குக்கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். கடைசிப் பையன் அப்பாவோடு இருந்து பயிர் வைக்கிறார்.

நண்பருக்கு ஜகார்த்தாவில் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும். முன்பணம் குறைகிறது. “என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள், விற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லத்தான் அந்த லெபாரானுக்கு வந்திருந்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேர் ஃபிளாட் இதே மாதிரி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

இந்தப் பேச்சு நடக்கும்போது உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பத்திரம் என் பெயரில் இருக்கட்டும், பணம் நீங்கள் போடுங்கள். தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்” என்றார். எரிமலை தெரிகிற வயல்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மகனை உட்கார வைத்துச் சட்டத்தைப் படிக்கச் சொன்னேன்.

1960 செப்டம்பர் 24 அன்று வந்த அடிப்படை நிலச் சட்டம். அந்தத் தேதியைத்தான் அங்கே விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் அந்த வட்டாரத்து நெல் வயல்களில் கரும்பு நட வைத்தவர்கள் வெளியாட்கள். அந்தச் சூடு இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ‘ஹாக் மிலிக்’ என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு, அதுவும் அங்கே தங்க அனுமதி பெற்றவருக்கு, ‘ஹாக் பாக்காய்’ என்கிற உபயோக உரிமையில் வீடு வைத்துக்கொள்ள வழி உண்டு. 30 வருஷம், நீட்டித்தால் இன்னும் 20, புதுப்பித்தால் இன்னும் 30. அதற்கும் விலை வரம்பு, நிபந்தனைகள் உண்டு. நெல் வயல் அந்தக் கணக்கில் வராது.

பினாமி? அந்தச் சட்டத்தின் 26-வது பிரிவைக் கேளுங்கள். நேராகவோ சுற்றி வளைத்தோ முழு உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றினால் அந்த மாற்றம் செல்லாது. நிலம் அரசாங்கத்துக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நிலமும் இல்லை, பணமும் இல்லை.

வெளிநாட்டவருக்கு மட்டும் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 1961-இல் வந்த விதி ஒன்று, விவசாய நிலத்தின் சொந்தக்காரர் நிலம் இருக்கிற வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. எல்லா இடத்திலும் கறாராக நடப்பதில்லை, ஆனால் விதி இருக்கிறது. ஆக, ஜகார்த்தாவில் இருக்கிற சொந்த மகனுக்கே அந்த வயல் சிக்கல்தான்.

பத்திரத்திலும் கவனம் வேண்டும். கிராம அலுவலகத்தில் ‘லெத்தர் சே’ என்று ஒரு பழைய பதிவேடு இருக்கும். யார் வரி கட்டினார் என்பதற்கு அது சாட்சி. நம் ஊர் வீட்டு வரி ரசீது போல வைத்துக்கொள்ளுங்கள், உரிமைச் சான்று ஆகாது. உரிமைச் சான்றிதழ் தருவது தேசிய நில அலுவலகம். 2017 முதல் ஊர் ஊராக அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. சிம்பாவிடம் சான்றிதழ் இருந்தது, ரொம்பப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில்.

உறவுக்காரர் சொன்னதை நண்பர் மூலம் சிம்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். மறைப்பானேன்? அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “காகிதம் அவன் பெயரில், பணம் உன்னுடையது. வாய்க்கால் தூர் வார யார் வருவீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

பெருநாளன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அது அந்த ஊர் வழக்கம். மூன்றாம் நாள் ராத்திரி குடும்பம் உட்கார்ந்தது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்று ஒரு முறை உண்டு. தோள்காவடியில் இரண்டு சுமை, இடுப்பில் ஒரு சுமை என்று ஜாவா மொழியில் அதற்கு ஒரு சொலவடை. சிம்பா, “மூவருக்கும் சமம். ஆனால் நான் இருக்கும்வரை துண்டு போட மாட்டேன்” என்றார். நண்பர் முகம் வாடிவிட்டது.

அப்போது மகள் பேசினார். அவர் ‘அரிசான்’ சேர்ந்திருந்தார். நம் குலுக்கல் சீட்டுதான், கமிஷன் கிடையாது, தள்ளுபடி கிடையாது. அந்த மாதம் குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருந்தது. அதை அண்ணனுக்குக் கொடுத்தார். தம்பி ஒரு மாட்டை விற்கிறேன் என்றார். நாளைக்குப் பாகம் பிரியும்போது அண்ணன் பங்கைத் தம்பி எடுத்துக்கொள்வது, இப்போது கொடுத்தது முன்பணம். 10,000 ரூப்பியா முத்திரை ஒட்டி, டெம்பேக்காரரைச் சாட்சி வைத்து எழுதினார்கள். “எழுதிக்கொள்ளுங்கள்” என்று வற்புறுத்தியது மட்டும் நான். என்னால் ஆன உபகாரம்.

நண்பர் நினைத்த ஃபிளாட் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து நகருக்கு வெளியே சின்னதாக ஒன்று வாங்கினார். தினமும் ரயிலில் நின்றுகொண்டு போகிறார். இன்னும் கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ஆனால் ஒவ்வொரு லெபாரானுக்கும் ஒரு மூட்டை அரிசி அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஆக, லிஃப்ட் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள் சார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்து நாள் தங்குங்கள். ஏஜென்ட் திரும்பப் பேசினால் 26-வது பிரிவு என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த டப்பா. நம்மிடம் கேமரா இருக்கிறது, கேட் இருக்கிறது, மூன்று ஷிஃப்ட் செக்யூரிட்டி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கிற பெரியவர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள். போன மழைக்காலத்தில் அவர்களில் ஒருவர் குளியலறையில் விழுந்து, மறுநாள் வேலைக்கார அம்மா வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவன் நான். அன்று காலை அவர் கதவில் தொங்கிய பால் பையைப் பார்த்துக்கொண்டேதான் நடைப்பயிற்சிக்குப் போனேன்.

டப்பா தொங்கவிட வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு கதவில் பால் பை அப்படியே இருந்தால் மணி அடியுங்கள். அவ்வளவுதான். தளத்துக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தால் போதும். என் தளத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன். நோட்டு டீ மேஜையில் இருக்கிறது.

டீ ஆறியிருக்காது என்று நம்புகிறேன்.