மீன் எண்ணெயும் உணவு ஒவ்வாமையும்

(சென்னை அடையாற்றில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை நீங்கள் நொச்சிக்குப்பம் சென்று, 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீன் அங்காடியைப் பார்வையிட்டீர்கள். பின்னர் தியாகராய நகரில் ஒரு மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரைகளையும் கண்டீர்கள். அப்போது உறுப்பினர் ஒருவர், "கருவுற்ற பெண்களுக்கு இதனை ஊராட்சிச் செலவில் வாங்கிக் கொடுத்தால், பிறக்கும் பிள்ளைகளுக்குக் கரப்பானும் உணவு ஒவ்வாமையும் வாரா என்கிறார்களே, உண்மைதானா?" என்று வினவினார். பொதுப் பணத்தையும் குழந்தைகளின் நலத்தையும் ஒருங்கே பற்றிய வினா இது. ஆகவே இன்றைய உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலாவதாக, ஒவ்வாமை என்பது யாது? நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று உடலில் அமைந்துள்ள காவற்படை, முட்டை, பால், நிலக்கடலை, இறால் போன்ற நல்ல உணவிலுள்ள புரதத்தையே பகையென்று கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமையாகும். அதனால் தடிப்பு, அரிப்பு, வாந்தி முதலியன தோன்றும். உதடு வீங்கி மூச்சுத் திணறுமாயின் உயிருக்கே ஆபத்து. உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

மத்தி, கானாங்கத்தை, நெத்திலி போன்ற மீன்களின் கொழுப்பில் ஒமேகா-3 என்னும் சத்து மிகுந்துள்ளது. கடலின் நுண்பாசிகள் ஆக்கும் இச்சத்து, உணவு வழியே மீன்களை வந்தடைகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உண்டாவதை இது ஓரளவு குறைக்கும். ஆகையால் ஒவ்வாமையையும் தணிக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதினர். நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சூரைமீன் எண்ணெய் கலந்த தீனியை எலிகளுக்குக் கொடுத்து, பால் ஒவ்வாமை குறைந்ததாக 2013இல் வெளியிட்டனர்.

எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகுமா? ஆஸ்திரேலியாவில் ஒவ்வாமைக் குடும்பங்களைச் சேர்ந்த 706 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. தாய்மார்களில் ஒரு சாரார் கருவுற்ற 21ஆம் வாரம் முதல் நாள்தோறும் 900 மில்லிகிராம் ஒமேகா-3 உண்டனர். ஓராண்டு நிறைந்தபோது, தோல் சோதனையில் முட்டைக்கு எதிர்விளைவு காட்டிய குழந்தைகள் எண்ணெய் உண்ட பிரிவில் 100க்கு 9 பேர்; மற்றப் பிரிவில் 15 பேர். ஆனால் ஒவ்வாமை நோய்களை மொத்தமாக எண்ணியபோது உறுதியான வேறுபாடு இல்லை. மூன்று வயதிலும் அவ்வாறே. டென்மார்க்கில் 2016இல் வெளியான மற்றொரு சோதனையில், தாய்மார் நாளொன்றுக்கு 2.4 கிராம் ஒமேகா-3 உண்டதனால் குழந்தைகளின் ஆஸ்துமாவும் தொடர் இளைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கரப்பானோ உணவு ஒவ்வாமைக்கான அறிகுறியோ குறையவில்லை.

ஆகவே, உணவு ஒவ்வாமையைத் தடுக்கவென்று ஊராட்சிப் பணத்தில் மாத்திரை வாங்குவது தக்க செலவன்று என்பதே என் தெளிவான விடை. மேலும், மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. கருவுற்ற பெண்கள் அதனை அளவு மீறி உண்டால் சிசுவுக்குக் கேடு விளையும். மீனே ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த மீன் எண்ணெயையும் தொடலாகாது.

இதனினும் பெரிய கேடொன்று நம் ஊர்களில் உண்டு. அதுவே காரணமறியாப் பத்தியம். என் வட்டாரத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றுக்குக் கரப்பான் கண்டது. அண்டை வீட்டார் சொற்கேட்டு, தாய் முட்டை, மீன், பால், கடலை யாவற்றையும் நிறுத்தினாள். கூலி வேலை செய்து ஈட்டிய பணத்தில் எண்ணெய்ப் புட்டியும் வாங்கினாள். அங்கன்வாடித் தராசில் பிள்ளையின் எடை குறைந்துகொண்டே வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்பினார். ஒவ்வாதது முட்டை ஒன்றே என்று தெரிந்தது. ஏனையவற்றை மீண்டும் ஊட்டியதும் பிள்ளை தேறியது. அத்தாயின் அன்பில் குறையில்லை. அவளுக்கு உரிய காலத்தில் அறிவுரை கூறாததே நம் குறை.

நிலக்கடலை பயிரிடும் விவசாயிகளுக்கு மற்றொரு செய்தி. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளிடம் இலண்டனில் நடந்த ஆராய்ச்சி 2015இல் வெளியாயிற்று. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலை உணவு தொடங்கியவர்களில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை கொண்டோர் 100க்கு 3 பேரே. கடலையை விலக்கி வளர்க்கப்பட்டவர்களில் 17 பேர். விலக்கி வைப்பதே காப்பு என்ற பழைய எண்ணம் இதனால் மாறியது. எனினும், கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். நன்கு அரைத்துக் குழைத்தே ஊட்டுக.

காலையில் அங்காடியில் ஐஸ் பரப்பி மீன் வைத்திருந்ததைக் கண்டீர்கள். அது வெறும் அலங்காரமன்று. கானாங்கத்தை, சூரை போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. உண்டவர் முகம் சிவந்து உடல் அரிக்கும். கெட்ட மீனின் குற்றத்தை ஒவ்வாமை என்று எண்ணி, மீனையே விலக்கிவிடுகிறோம்.

நீங்கள் ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கரப்பான் கண்ட குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல். இரண்டாவது, வாரச் சந்தையில் மீனுக்கு ஐஸும் நிழலும் இருக்கச் செய்தல். மூன்றாவது, மாத்திரைக்குச் செலவிட எண்ணிய பணத்தை அங்கன்வாடியின் எடைத் தராசு, தூய குடிநீர் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துதல்.

உண்பவர்கள் வீட்டில் மத்திக் குழம்பு கொதிக்கட்டும். குழந்தையின் தட்டிலிருந்து எந்த உணவையும் காரணமின்றி எடுக்காதிருப்போம்.