தொற்றும் தவணையும்



2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்த கொரோனா ஊரடங்கு, அன்று நள்ளிரவிலேயே தேசம் முழுவதிலும் அமலுக்கு வந்தது. கிருமி ஒன்றே, சட்டமும் ஒன்றே. ஆயினும், மாதச் சம்பளம் தவறாமல் வந்து சேரும் இல்லத்தில் நோயைப் பற்றிய பயம் குடிகொண்டிருக்க, அன்றாடக் கூலியை நம்பிய இல்லத்திலோ அதற்கும் முன்பாக மறுநாள் ஜீவனத்தைப் பற்றிய பயம் வந்து அமர்ந்துகொண்டது.

அந்த மாதங்களில் வடசென்னை மக்களுக்குத் தொலைபேசி வாயிலாக மனநல ஆலோசனை கூறும் பணியில் நான் ஈடுபட்டிருந்தேன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இரவெல்லாம் உறக்கமில்லை என்று வியாசர்பாடியிலிருந்து பேசிய ஓர் அம்மையாரிடம், நோய் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்களா என வினவினேன். தெருவோரத்தில் இட்லிக் கடை நடத்தி வந்தவர் அவர். “கொரோனா வந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்குது சார், செவ்வாய்க்கிழமை வந்தா எனக்கு யாரு இருக்கா?” என்றார்.

செவ்வாய்க்கிழமை என்பது அவருடைய குழுக் கடனின் வாரத் தவணை நாள். நேயர்களே, இந்தக் கடனின் தன்மையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அடமானமாக வைக்க நகையோ நிலமோ இல்லாத பெண்கள், ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று பெறும் கடன் இது. ஒருத்தி தவறினால் அவள் பங்கை மற்றவர்கள் கட்டியாக வேண்டும். நல்ல காலத்தில் பரஸ்பர நம்பிக்கையை வளர்த்த இந்த ஏற்பாடே, கடைகள் அடைபட்ட காலத்தில், அண்டை வீட்டுக்காரியையே ஒவ்வொருத்தியும் அஞ்சும்படி செய்துவிட்டது. தவணைகளை ஒத்திவைக்கக் கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் 27ஆம் நாளே அனுமதி வழங்கி, பின்னர் ஆகஸ்ட் 31 வரை அதை நீட்டித்தது மெய்தான். ஆனால் அச்செய்தி சந்துக்குள் வந்து சேரும் முன்பே வசூலிப்பவரின் தொலைபேசி அழைப்பு வந்து சேர்ந்துவிட்டது. விவரத்தை நான் எடுத்துரைத்தபோது, “வட்டியும் நிக்குமா சார்?” என்று அந்த அம்மையார் கேட்டார். வட்டி நிற்கவில்லை என்பதே உண்மை.

மூச்சைச் சீராக இழுத்துவிடும் பயிற்சியை அவருக்கும் கற்றுக்கொடுத்தேன். அது நல்ல பயிற்சியே. எனினும் அவருக்கு உறக்கம் வந்தது வேறொரு காரியத்தால். ஏப்ரல் மாதத்தில், அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் மாநில அரசு வழங்கியது. வீட்டில் அரிசி வந்து இறங்கிய அன்றிரவு தூங்கினேன் என்று அவரே பிறகு சொன்னார். மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்துகளும் உண்டு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியத்தை நான் கண்டதில்லை.

இன்னொருவர், வர்ணம் பூசும் தொழிலாளி, காய்ச்சல் கண்டும் பரிசோதனைக்குச் செல்ல மறுத்தார். தொற்று உறுதியானால் வீட்டுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள், வீட்டில் ஒருவரும் வேலைக்குப் போக முடியாது என்பதே அவர் கலக்கம். அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு வாரக் கூலி தவறினால் என்னவாகும் என்பதை அறிந்த மனிதரின் கணக்கு அது.

உலக அளவிலும் இதே சித்திரந்தான். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் விளைவாகப் பதற்றநோய் ஏறத்தாழ 26 சதவீதம் மிகுந்ததென்றும், பெண்களும் இளைஞர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும், 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வீட்டுப் பொறுப்பும் வேலையிழப்பும் யார் தலையில் அதிகம் விழுந்தனவோ, அவர்கள் சித்தமே அதிகம் கலங்கியது.

நேரம் நெருங்குகிறது, நேயர்களே. மனக்கலக்கம் உள்ளவர்கள் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். அதிகாரத்தில் இருப்போரிடம் என் விண்ணப்பம் ஒன்றே: அடுத்த தொற்று வரும்போது முகக்கவசத்தோடும் தடுப்பூசியோடும் அரிசியையும், வட்டியில்லாத் தவணை ஒத்திவைப்பையும், தனிமைப்படுத்தப்பட்ட நாட்களுக்கான கூலியையும் முதல் நாளிலேயே அறிவியுங்கள். ஏழையின் பதற்றத்துக்கு முதற்சிகிச்சை அதுவே.