பறவைக்கு ஒரு வீடு



தருமபுரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியப் பணி ஏற்ற காலத்தில், வீட்டு முற்றத்தில் ஒரு பறவைக் கூண்டு கட்டினேன். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகள் ஆறு இணைகளை அதில் விட்டேன். கூண்டு வட்ட வடிவமானது, ஆளுயரத்துக்கு மேற்பட்டது, கூரை முழுதும் தகரம், முகப்பு மேற்குத் திசை. கண்டவர்கள் எல்லாரும் அழகென்றே புகழ்ந்தனர். சித்திரைத் திங்களில் ஒரு நாள் பிற்பகல் பள்ளியினின்று திரும்பியபோது, நான்கு பறவைகள் தரையில் மாண்டு கிடந்தன. வெயில் கொன்றுவிட்டது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கொன்றது என் அறியாமையே.

அக்கூண்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். பறவை பெரும்பாலும் குறுக்காகவே பறக்கிறது. ஆதலின் உயரத்தைவிட நீளமே முதன்மையானது. வட்டக் கூண்டில் அஞ்சிய பறவை ஒதுங்குவதற்கு ஒரு மூலை இல்லை. எனவே நீள்சதுரமாக அமைத்தேன். மேற்குப் புறத்தைச் சுவரால் அடைத்து, காலை இளவெயில் படுமாறு கிழக்கைத் திறந்து வைத்தேன். ஒரு பாதிக்குக் கீற்றுக் கூரை வேய்ந்தேன். மறுபாதியில் வானம் தெரியும். எலியும் பாம்பும் நுழையாதபடி கம்பி வலை அரை அங்குலக் கண்ணுடையதாயிற்று. அதன் அடி ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைந்தது. வாயிலுக்கு இரண்டு கதவுகள். ஒன்றை மூடிய பின்னரே மற்றொன்றைத் திறப்பேன். வழவழப்பான குழாய்களுக்குப் பதிலாக, பருமன் வேறுபட்ட வேப்பங்கிளைகளையும் கொய்யாக் கிளைகளையும் இரு கோடிகளிலும் பொருத்தினேன். எச்சம் விழாத இடத்தில் தினையும் தண்ணீரும் வைத்தேன்.

குஞ்சு பொரிக்க வேண்டுமாயின் இன்னொன்றும் வேண்டும். இணைகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான கூட்டுப் பெட்டிகளை ஒரே உயரத்தில் தொங்கவிட வேண்டும். உயரத்தில் வேற்றுமை இருந்தால் மேலிடத்துக்காகப் போர் மூளும், முட்டைகள் உடையும்.

நம் தென்னைப் பொந்துகளில் வாழும் பச்சைக்கிளியை மட்டும் கூண்டில் அடைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. அது காட்டுக்கும் தோப்புக்கும் உரியது.

அப்படியாயின், நம் நாட்டுப் பறவைக்குக் கூண்டு கட்டுவதே தவறா? ஒரு விதிவிலக்கு உண்டு. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சியவற்றைக் காக்க, அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இணைந்து ஓர் இனப்பெருக்க மையம் அமைத்தன. அங்குள்ள கூட்டுக் கூண்டு ஒன்று நூறு அடி நீளமும் நாற்பது அடி அகலமும் இருபது அடி உயரமும் கொண்டது. கூட்டமாக வாழும் பறவை என்பதால் பலவற்றை ஒன்றாக விடுகிறார்கள். பறவைகள் அஞ்சாதிருக்க, ஒளிப்படக் கருவி வழியே தொலைவிலிருந்து கண்காணிக்கிறார்கள். ஒரு கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆகவே ஒவ்வொரு முட்டையும் ஒரு செல்வம். அங்கு வளர்ந்த வெண்முதுகுக் கழுகுகள் சிலவற்றை 2020ஆம் ஆண்டில் வெளியே பறக்கவிட்டார்கள்.

என் முதற் கூண்டு காண்போர் கண்ணுக்காகக் கட்டப்பட்டது. பிஞ்சோர்க் கூண்டோ, ஒரு நாள் கதவைத் திறந்துவிடுவதற்காகவே கட்டப்பட்டது. நீங்கள் பறவை வளர்க்க விரும்பினால், கம்பியும் வலையும் வாங்குமுன் ஒரு நாள் முழுவதும் முற்றத்தில் அமர்ந்து, வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால், அந்த நான்கு பறவைகளும் பிழைத்திருக்கும்.